அமுக்குவானும் மூன்று சோதனைகளும்

எங்கள் சப்பிரகமுவத் தோட்டங்களிலே ‘அமுக்குவான்’ என்று சொன்னால் அதற்கு விளக்கம் கேட்பார் எவருமில்லை. நள்ளிரவில், மல்லாந்து படுத்திருப்பவனுடைய மார்பின்மேல் ஏறி உட்கார்ந்து, வாயைக் கட்டி, கைகால்களை முடக்கிவிட்டுப் போகும் பேய்க்கு அதுவே பெயர். லயத்துக்கு ஒருவராவது அவனைச் சந்தித்திருப்பார்கள். நாமும் சந்தித்திருக்கிறோம். ஆனால் எமக்கும் அவனுக்கும் உள்ள வழக்குச் சற்றே சிக்கலானது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எட்டியாந்தோட்டைக்கு அருகிலுள்ள எமது தோட்டப் பாடசாலையில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, எம் வலக்கை தன்னிச்சையாகத் துடிக்கலாயிற்று. பின்னர் கொழும்பிலே எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்ததில், மூளையின் இடப்புறத்திலே ‘கவர்னோமா’ இருப்பதாக வைத்தியர் கூறினார். மெல்லிய சுவர்களையுடைய நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிறு பழக்குலைபோல் ஒன்றாகத் திரண்டு நிற்பதே கவர்னோமா. ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு இஃது உண்டு. அவர்களுட் பலர் அதனை அறியாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். சிலருக்கு வலிப்பு வரும்; சிலருக்கு அக்குழாய்களிலிருந்து இரத்தம் கசியும். எமக்கு அறுவைச் சிகிச்சை இப்போதைக்கு வேண்டியதில்லை என்றும், மாத்திரையைத் தவறாது உட்கொண்டு, காலந்தோறும் படம் எடுத்துப் பார்த்துவர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பின்னரே அமுக்குவான் வரத் தொடங்கினான். ஒரு விடியற்காலை, கண் விழித்துவிட்டது. கூரைத் தகரமும், கதவிடுக்கில் வரும் வெளிச்சமும் நன்றாகத் தெரிகின்றன. ஆயினும் ஒரு விரலைக்கூட அசைக்க இயலவில்லை. மார்பின்மேல் கொழுந்துக் கூடையை நிறைத்து வைத்தாற்போன்ற பாரம். கதவோரத்தில் யாரோ நிற்பதுபோன்ற தோற்றம். அருகிற் படுத்திருக்கும் மனைவியைக் கூப்பிட நினைக்கிறோம், நாவு எழவில்லை. ‘கசிந்துவிட்டது, பாரிசவாதந்தான்’ என்ற எண்ணம் ஒன்றே தலை முழுவதும் நிறைந்து நின்றது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் விலகிவிட்டது. எழுந்து அமர்ந்தபோது உடல் வேர்வையில் நனைந்திருந்தது.

எம் அன்னையார் இதைக் கேட்டுச் சிறிதும் கலங்கவில்லை. “ராசா, இது அமுக்குவான் வேலைதான்” என்று சொல்லி, காலஞ்சென்ற தந்தையாருடைய கவ்வாத்துக் கத்தியைத் துணியிற் சுற்றி எம் தலையணையின்கீழ் வைத்தார். அவருக்குப் பேய்ப் பயம். எமக்கு நோய்ப் பயம். இரண்டினுள்ளும் எது பெரிதென்று அன்று எம்மாற் சொல்ல முடியவில்லை.

அடுத்த தடவை கிளினிக்குக்குச் சென்றபோது வைத்தியரிடம் விவரமாகக் கூறினோம். அவர் சொன்னதும், பிறகு நாம் படித்து அறிந்ததும் இவை. 1953ஆம் ஆண்டில், சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், நித்திரையில் கண்கள் விரைந்து அசையும் ஒரு கட்டம் உண்டென்று வெளியிட்டனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அக்கட்டத்திலேதான் வருகின்றன. அவ்வேளையில் உடற்றசைகள் தளர்ந்து கிடப்பதை 1959இல் பிரான்சு நாட்டு மிசேல் சூவே பூனைகளை ஆராய்ந்து காட்டினார். கனவிலே ஓடுகிறவன் மெய்யாகவே எழுந்து ஓடாதிருக்கும்படி மூளைத்தண்டு உடலுக்குப் போடும் தாழ்ப்பாள் அது. சில வேளைகளில் தாழ்ப்பாள் திறக்குமுன்னரே மனம் விழித்துக்கொள்கிறது. நினைத்தபடி மூச்சை ஆழமாக இழுக்க இயலாமையினால் மார்பு அழுந்துகிறது. கனவின் எச்சம் கதவோரத்தில் உருவமாய் நிற்கிறது. அமுக்குவானுடைய சரித்திரம் இவ்வளவே. சப்பானியர் இதனைக் ‘கனசிபாரி’ என்பர். 1781இல் ஃபுசேலி என்னும் ஓவியர், உறங்கும் பெண்ணின் மார்பின்மேல் ஒரு குட்டிப் பேய் குந்தியிருப்பதாக எழுதிய சித்திரம் உலகறிந்தது. எட்டியாந்தோட்டைப் பேய் இலண்டனுக்கும் போயிருக்கிறது!

மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, பொதுமக்களில் 100க்கு ஏறக்குறைய 8 பேரும், மாணவர்களில் 28 பேரும் வாழ்நாளில் ஒரு தடவையேனும் இதற்கு ஆளாகின்றனர். நித்திரைக் குறைவும், ஒழுங்கற்ற நித்திரையும், மல்லாந்து படுப்பதும் இதனைத் தூண்டும். பரீட்சைக்காக இரவிரவாக விழித்திருப்போரை அமுக்குவான் தேடி வருவதன் இரகசியம் இதுதான்.

எனினும், எம்போன்றவர்களுக்கு ‘இது வெறும் அமுக்குவான்’ என்று எல்லாவற்றையும் தள்ளிவிடவும் இடமில்லை. நித்திரை முடக்கம் இரு பக்கமும் சமமாகப் பிடிக்கும். சில நொடிகளில் அல்லது சில நிமிடங்களில் சுவடின்றி நீங்கும். பாரிசவாதமோ பெரும்பாலும் ஒரு பக்கத்தையே பற்றும். முகம் கோணும், பேச்சுக் குழறும், விழித்த பின்னும் நீங்காது நிற்கும். ஆகையால் வைத்தியர் எம் மனைவிக்கு மூன்று சோதனைகளைக் கற்பித்தார். “கொஞ்சம் சிரிங்க பார்ப்போம்” என்பது முதலாவது. இரு கைகளையும் ஒருசேரத் தூக்கி நிறுத்தச் சொல்வது இரண்டாவது. எம் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொல்லச் செய்வது மூன்றாவது. மூன்றிலும் தேறினால் மறுபடி உறங்கலாம். ஒன்றிலே தவறினாலும் விடியும்வரை காத்திருக்கலாகாது.

பலமுறை தேறினோம். ஒருமுறை தவறினோம்.

சென்ற ஆண்டு, அடைமழை பெய்த ஓர் ஐப்பசி இரவு. மார்பில் பாரமில்லை, கதவோரத்தில் உருவமுமில்லை. கடுமையான தலைவலியோடு விழித்தோம், அவ்வளவுதான். மனைவி விளக்கைப் போட்டு வழக்கம்போற் சோதித்தார். தூக்கிய வலக்கை மெல்லக் கீழே சரிந்தது. தோட்டத்தின் பெயர் பாதியிலே குழறிற்று. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் 1990 என்ற இலவச அம்புலன்ஸ் எண்ணை அழைத்தார். வண்டி லயத்தடிவரை ஏற இயலாத பாதை. அயல் வீட்டு வாலிபர்கள் எம்மை நாற்காலியில் அமர்த்திக் கீழே சுமந்து சென்றனர். அன்னையார் கத்தியை எடுத்து வரவில்லை. எம் மாத்திரைகளையும் கிளினிக் கொப்பியையும் எடுத்து வந்தார்.

கசிவு சிறியது. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, என்ன மாத்திரை உட்கொள்கிறார் என்பனவற்றுக்கெல்லாம் வைத்தியர்களுக்கு உடனே விடை கிடைத்தது. வலக்கையினால் மறுபடியும் சோக் பிடித்து எழுத இரண்டு மாதங்கள் சென்றன. இன்று எழுத்துச் சற்றுக் கோணல், மாணவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

எம்மைப் பல இரவுகள் நடுங்கச் செய்தது எமக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. தீங்கு செய்ய வந்ததோ எம்மைப் பயமுறுத்தவேயில்லை. பயத்தின் அளவைக்கொண்டு ஆபத்தை அளத்தல் கூடாதென்பதை நாம் இவ்வாறு கற்றோம். குடும்பங்களில் எவரேனும் ‘இரவிலே அமுக்கிற்று’ என்று சொன்னால் நகைக்கவும் வேண்டா, நடுங்கவும் வேண்டா. அடிக்கடி வருமாயின் வைத்தியரிடம் சொல்லுங்கள். நேரத்தோடு உறங்கச் செய்யுங்கள். அந்த மூன்று சோதனைகளை மட்டும் வீட்டிலுள்ள பிள்ளைகள் உட்பட அனைவரும் கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அவை இன்று பாட்டிக்கும் மனப்பாடம்.