புளியங்கொட்டைப் பாடம்

அன்று கணினி ஆசிரியை எங்களை மைதானத்துக்கு அழைத்துச் சென்றபோது எங்கள் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. பாடம் இல்லை என்றே நினைத்துவிட்டோம்.

டவரும் கம்பியும் இல்லாமல், நடமாடிக்கொண்டே இருக்கும் கருவிகள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்துவது எப்படி? அதுதான் பாடம். வெள்ளத்தில் டவர்கள் சாய்ந்த ஊரில் மீட்புப் பணிக்கு இவ்வகை வலையமைப்பு உதவும் என்றார் ஆசிரியை. நாங்கள் நாற்பது பேரும் நாற்பது கருவிகளானோம். அருகில் நிற்பவளிடம் மட்டுமே பேசலாம். கொடிமரத்தருகே நின்றவள் வேப்பமரத்தடியில் நின்றவளுக்குச் செய்தி அனுப்ப வேண்டும்.

முதல் ஆட்டத்தில் கேட்டவள் எல்லாம் கேட்டதை எல்லோரிடமும் சொன்னாள். ஒரே கேள்வி ஒருத்தியிடமே ஆறு முறை திரும்பி வந்தது. இரைச்சல் தாங்காமல் மாடியிலிருந்து சிஸ்டர் எட்டிப் பார்த்தார்கள். அதைவிடப் பெரிய எச்சரிக்கை மணி எங்கள் பள்ளியில் கிடையாது!

பிறகுதான், 1999-ஆம் ஆண்டு சார்லஸ் பெர்க்கின்ஸும் எலிசபெத் ராயரும் வெளியிட்ட முறையை ஆசிரியை சொல்லித்தந்தார். ராயர் அப்போது கலிபோர்னியாவில் ஆராய்ச்சி மாணவி என்றதும், நாங்களே கண்டுபிடித்ததுபோல் எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. தேவை வந்தால்தான் வழி தேட வேண்டும். கேள்விக்கு ஓர் எண் உண்டு. அந்த எண்ணை ஒருமுறை கடத்தியவள் மறுமுறை கடத்தக் கூடாது. முதலில் யாரிடம் கேட்டோமோ அவளை நினைவில் வைத்தால் போதும், பதில் அவ்வழியே திரும்பிவிடும். முழு வழியும் எவளுக்கும் தெரிய வேண்டியதில்லை! எடுத்த எடுப்பிலேயே ஊரெல்லாம் கேட்பதும் இல்லை. முதலில் அடுத்தவள்; கிடைக்காவிட்டால் மூன்றாம் ஆள் வரை, பிறகு ஐந்து, ஏழு. அப்படியும் கிடைக்காவிட்டால்தான் எல்லோரும். 2003-இல் வந்த விதித்தொகுப்பில் இந்த எண்களே இருக்கின்றன.

இம்முறை சத்தமில்லாமல் ஐந்து பேர் வழியாகச் செய்தி சேர்ந்தது. ஒருத்தி நகர்ந்துவிட்டால், அவளுக்கு முன் நின்றவள் “வழி அறுந்தது” என்று பின்னுக்குச் சொல்வாள்; புதுத் தேடல் தொடங்கும்.

அடுத்து ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. அதுதான் பேட்டரி. செய்தி ஒன்று கடத்தினால் கொட்டை ஒன்று போகும். நடுவில் நின்ற தோழியின் கை சீக்கிரமே காலியாயிற்று. குறுக்கு வழியெல்லாம் அவள் வழியாகத்தான். வேலியோரம் நின்றவர்களிடம் பத்தும் அப்படியே இருந்தன. அவள் தரையில் உட்கார்ந்ததும் நாலாபக்கமும் “வழி அறுந்தது” என்ற குரல்!

“வகுப்பிலும் இப்படித்தானே?” என்று அவள் சிரித்தாள்.

நாங்கள் சிரிக்கவில்லை. கரும்பலகை துடைக்க, நோட்டுகளை ஆசிரியர் அறைக்குச் சுமக்க, வராதவளுக்குப் பாடம் எழுதித் தர அவளைத்தான் கூப்பிடுவோம். முன்வரிசையில் இருப்பாள், மறுக்கமாட்டாள்.

மிச்சமிருக்கும் பேட்டரியையும் பார்த்து வழி தேர்ந்தெடுக்கும் முறைகள் உண்டு என்றார் ஆசிரியை. கடைசி ஆட்டத்தில் கொட்டைகளை மறுபடி பங்கிட்டு, கையிருப்பையும் கேட்டுக்கொண்டே போனோம். வேலியோரமாகப் பதினொரு பேரைச் சுற்றிச் செய்தி போயிற்று. நேரம் அதிகம்தான் ஆனது. ஆட்டம் முடிந்தபோது அவள் கையில் நான்கு கொட்டைகள் இருந்தன.

அன்று மாலை நோட்டுகளைச் சுமப்பவள் யாரென்று சீட்டுக் குலுக்கினோம்.