பேக்ரெஸ்ட் மாட்டின கதை

மொதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு ஸ்பேனர் புடிக்கத் தெரியாது. கையில இஞ்சினியரிங் டிகிரி இருக்கு, அதுவும் மெக்கானிக்கல். நாலு வருஷத்துல ஒர்க்‌ஷாப்ல நான் உருப்படியா செஞ்சது ஒரு இரும்புத் துண்டை சதுரமா ராவினது மட்டும்தான். அதுவும் சதுரமா வரலை. அப்புறம் கேம்பஸுக்கு சாஃப்ட்வேர் கம்பெனி வந்து அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவா எழுதறவங்க தமிழ்நாட்டுல தெருவுக்கு நாலு பேர் இருக்கறதால இதுல எனக்குப் பெரிய வெட்கம் ஒண்ணும் கிடையாது :-)

அப்பா அப்படியே நேர் எதிர். ஆவடி டாங்க் ஃபாக்டரில ஃபிட்டர். 1965ல விஜயந்தா டாங்க் மொதல் மொதல்ல வெளிய வந்த அதே ஃபாக்டரி. அப்பா சேர்ந்தப்ப 1984. அதுக்கப்புறம் வந்த அஜேயா, அதாவது டி-72, அவரு கை வச்ச வண்டி. நாப்பது டன்னுக்கு மேல எடை. வீட்டுல குழாய் ஒழுகினாலும், குக்கர் கைப்பிடி ஆடினாலும், பக்கத்து வீட்டு கேட் கிறீச்சுனு கத்தினாலும் அவருதான். 2022ல ரிட்டயர் ஆனதுக்கப்புறமும் ஸ்பேனர் செட்டை வாராவாரம் எண்ணெய் துணியால துடைச்சு வைப்பாரு. என்னைத் தொட விடமாட்டாரு.

போன வருஷம் ஐப்பசி மாசம் ஒரு நாள் காலைல காபி டம்ளர் அவர் இடது கையிலேர்ந்து நழுவி விழுந்துச்சு. சின்ன ஸ்ட்ரோக். சீக்கிரமே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டதால பேச்சு, நடை எல்லாம் திரும்பிடுச்சு. இடது கை மட்டும் முழுசா திரும்பலை. தூக்கறாரு, மடக்கறாரு, ஆனா இறுக்கிப் பிடிக்க முடியலை. வாரத்துக்கு மூணு நாள் ஆவடில பிசியோதெரபி.

எங்க வீடு நெமிலிச்சேரில. (குரோம்பேட்டை பக்கத்து நெமிலிச்சேரி இல்ல. கூரியர்காரர் மாசத்துக்கு ஒரு தடவை அங்க போய் நின்னுக்கிட்டு போன் பண்ணுவார். இது பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவுல இருக்கறது. வண்டலூர்லேர்ந்து வர்ற அவுட்டர் ரிங் ரோட்டோட மொதல் கட்டம் இங்கதான் வந்து முடிஞ்சுது. 2021ல மீஞ்சூர் வரைக்கும் திறந்தப்புறம் எங்க ஊர் பேருக்கு ஒரு மரியாதை வந்திருக்கு.) ஆவடி ட்ரெயின்ல போனா கூப்பிடு தூரம். ஆனா ஸ்டேஷன் படிக்கட்டு, கூட்டம், ஏறும்போது கம்பியைப் பிடிக்கணும். டாக்டர் ஆட்டோ இல்லேன்னா கார்ல போங்கன்னாரு. அப்பா ஒரே வாரத்துல ஆட்டோ கணக்கைக் கூட்டிப் பார்த்துட்டு, "எனக்கென்ன, உன் புல்லட் பின்னாடி உக்காந்து வரமாட்டேனா?"ன்னுட்டாரு. இந்தக் கணக்குல டாக்டர் சொன்னதுதான் சரி. ஆனா எங்க வீட்டுல டாக்டருக்கு மேல அப்பா.

ரெண்டாவது தடவை போகும்போதே அது நடந்துச்சு. ரிங் ரோடு சர்வீஸ் ரோட்டுல ஒரு வேகத்தடை. ஏறி இறங்கி, கிளட்சை விட்டு கொஞ்சம் முறுக்கினேன். பின்னாடி எடை சட்டுனு இல்லாத மாதிரி இருந்துச்சு. புல்லட் ஓட்டறவங்களுக்குத் தெரியும், பின்னாடி ஆள் நகர்ந்தா ஹேண்டில்ல தெரியும். அப்படியே பிரேக் போட்டு நிறுத்தித் திரும்பிப் பார்த்தா, அப்பா சீட்டோட கடைசி விளிம்புல, வலது கையால என் சட்டைக் காலரைப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. இடது கை கைப்பிடிக் கம்பி மேல சும்மா படிஞ்சு இருக்கு. விரல் மடங்கவே இல்லை.

"ஒண்ணுமில்ல, போ"ன்னாரு. மீதி தூரம் நான் சைக்கிள் வேகத்துலதான் போனேன். ரெண்டு பேரும் பேசலை.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். சின்ன வயசுல அப்பாகிட்ட ஒரு சுசுகி சாமுராய் இருந்துச்சு. நான் டேங்க் மேல உக்காந்து வருவேன். தூங்கிடுவேன். அவரோட ரெண்டு கையும் ரெண்டு பக்கமும் வேலி மாதிரி இருக்கும், எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் ஒரு கை தாங்கும். அந்த வேலியை இப்ப நான் போடணும். ஆனா முன்னாடி உக்காந்து ஓட்டறவன் பின்னாடி எப்படி வேலி போடறது?

அன்னிக்கு ராத்திரி நெட்ல தேடினேன். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதுல 123ஆவது விதி, பின்னாடி ஆள் உக்கார்ற மோட்டார் சைக்கிள்ல மூணு விஷயம் இருந்தே ஆகணும்னு சொல்லுது. நிரந்தரமான கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், துணி சிக்காம இருக்க பின் சக்கரத்துல பாதிக்குக் குறையாத மறைப்பு. நல்ல விதிதான். அந்த மறைப்பைத்தான் நாம சாரி கார்டுங்கறோம். ஆனா கைப்பிடின்னு எழுதினவர் பிடிக்கற கை ஒண்ணு இருக்குன்னு நெனைச்சு எழுதியிருக்காரு. முதுகைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

முதுகைப் பத்தி யோசிச்சவங்க அமெரிக்காக்காரங்க. 60கள்ல சாப்பர் பைக் பின்னாடி உயரமா ஒரு கம்பி வச்சாங்க. 1969ல வந்த ஈஸி ரைடர் படத்துல பார்க்கலாம். அதுக்கு சிஸ்ஸி பார்னு பேரு. தமிழ்ல சொன்னா பயந்தாங்கொள்ளிக் கம்பி! நம்ம ஊர்ல எலிமினேட்டரும், 2005ல வந்த அவெஞ்சரும்தான் இந்த சாய்மானத்தை எல்லாருக்கும் பழக்கினது. பேர் அர்த்தத்தை அப்பாகிட்ட சொல்லலை. சொல்லியிருந்தா கதை இத்தோட முடிஞ்சிருக்கும்.

சனிக்கிழமை சென்ட்ரல் வரைக்கும் ட்ரெயின், அங்கேர்ந்து ஜி.பி. ரோடு. மவுண்ட் ரோட்டை ஒட்டி வரிசையா வண்டி அலங்காரக் கடைங்க இருக்கே, அதே ரோடுதான். ஒரு கடைல 1,400 ரூபாய்க்கு பேரம் பேசி ஒரு பேக்ரெஸ்ட் வாங்கினேன். கம்பி ஒண்ணு, திண்டு ஒண்ணு, ரெண்டு பக்கத்துக்கும் தகடு, ஒரு கவர்ல போல்ட் நட். மாட்டித் தர்றதுக்கு 200 ரூபாய்னாங்க. பைக்கை நான் எடுத்துட்டுப் போகலை. "நானே மாட்டிக்கறேன்"னு சொல்லிட்டேன். வாய் இருக்கே.

ஞாயித்துக்கிழமை காலைல வாசல்ல வண்டியை நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தி ஆரம்பிச்சேன். அப்பா திண்ணைல பேப்பர். வேலை ரொம்ப சுலபம். கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சிருக்கற நாலு போல்ட்டைக் கழட்டணும், அதே ஓட்டைல பேக்ரெஸ்ட் தகடையும் சேர்த்து வச்சு மறுபடி முடுக்கணும். யூட்யூப்ல ஒருத்தர் ஏழு நிமிஷத்துல முடிச்சாரு.

மொதல் சிக்கல் போல்ட். பழைய போல்ட் 25 எம்எம். தகடு 5 எம்எம் கனம். அதனால பழசைப் போட்டா நட் பாதிதான் ஏறுது. கடைக்காரர் குடுத்ததோ 40 எம்எம். நட்டுக்கு வெளிய ஒரு விரக்கடை நீட்டிக்கிட்டு நிக்குது. சரி, நீளம் இருந்தா நல்லதுதானேன்னு போடப் போனேன்.

பேப்பருக்குப் பின்னாடிலேர்ந்து சத்தம். "அது தலையில என்ன நம்பர் போட்டிருக்கு?"

பார்த்தேன். ஒண்ணும் இல்லை, வழுக்கை.

"தலையில நம்பர் இல்லாத போல்ட்டை ஆளு சாயற எடத்துல போடாத. அப்புறம் அவ்ளோ நீட்டி வச்சா உங்கம்மா புடவை அதுல மாட்டும். நட்டுக்கு வெளிய ரெண்டு புரி தெரிஞ்சா போதும்."

சி.டி.எச். ரோட்டு ஹார்டுவேர் கடைக்குப் போய் 8 எம்எம் கனம், 30 எம்எம் நீளம், 8.8னு நம்பர் போட்ட போல்ட் நாலும், உள்ள நைலான் வளையம் வச்ச நட் நாலும் வாங்கிட்டு வந்தேன். எழுபது ரூபாய் கூட ஆகலை. 8.8 நான் பரீட்சைக்குப் படிச்சதுதான். மொதல் எட்டு, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் தாங்கும். புள்ளிக்கு அப்புறம் வர்ற எட்டு, அதுல 80 சதவீதம் வரைக்கும் இழுத்தாலும் விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பிடும். பாஸ் பண்ணதோட சரி, அதைப் போல்ட் தலையில பார்த்து வாங்கணும்னு யாரும் சொல்லித் தரலை. இல்ல, சொல்லியிருப்பாங்க, நான் கடைசி பெஞ்சுல இருந்திருப்பேன்.

வந்ததுக்கு ஒரு கணக்கு போட்டேன், கை பழக்கத்துல. அப்பா முதுகு சாயும்போது 20 கிலோ தள்ளுதுன்னு வைங்க. திண்டு, போல்ட்டுக்கு மேல 35 சென்டிமீட்டர் உயரத்துல இருக்கு. முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் நடுவுல 10 சென்டிமீட்டர்தான். 20ஐ 35ஆல பெருக்கி 10ஆல வகுத்தா 70 கிலோ. சும்மா சாயறதே போல்ட்டுல ஒரு முழு ஆள் தொங்கற மாதிரி. புல்லட்டோட உதறலை இதுல சேர்க்கவே இல்லை. அதைக் கேட்டுட்டு அப்பா, "அதான் நம்பர் பாக்க சொன்னேன்"னாரு. அவருக்குப் பெருக்கல் தேவைப்படலை.

ரெண்டாவது சிக்கல்தான் பெரிசு. மூணு போல்ட் போட்டு ஸ்பேனர்ல நல்லா முடுக்கிட்டேன். நாலாவது, இடது பக்கம் பின்னாடி, ஓட்டை சேரலை. ஒரு நூல் தள்ளி நிக்குது. (நூல்னா அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு, பட்டறைக்காரங்க கணக்கு.) சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினேன். பெயிண்ட் போனது மிச்சம். ஓட்டையைப் பெரிசு பண்ணிடலாம்னு மேல் வீட்டுல டிரில்லிங் மெஷின் கேக்கக் கிளம்பினேன்.

அப்பா பேப்பரை மடிச்சு வச்சாரு. மெதுவா எறங்கி வந்து வண்டி பக்கத்துல முக்காலி போட்டு உக்காந்தாரு.

"எல்லாத்தையும் லூஸ் பண்ணு."

"மூணு கரெக்டா உக்காந்திருக்குப்பா. இது ஒண்ணுதான்..."

"லூஸ் பண்ணுடா. நாலும் கையால ஏறணும். நாலும் ஏறினப்புறம்தான் ஸ்பேனரைத் தொடணும். ஒண்ணை இறுக்கிட்டு இன்னொண்ணைத் தேடினா ஜென்மத்துக்கும் கிடைக்காது."

தளர்த்தினேன். தகடு ஆட ஆரம்பிச்சுது. இடது பக்கக் காலை லேசா வெளிப்பக்கம் விரிச்சுப் பிடிச்சேன், போல்ட் பொசுக்குனு உள்ள போயிடுச்சு. ஓட்டை மேல தப்பே இல்லை.

நட்டை எடுத்தேன். அப்பா இடது கையை நீட்டினாரு.

பிசியோதெரபிஸ்ட் அவருக்குக் குடுத்திருக்கற பயிற்சிலயே இது ஒண்ணு. மரப் பலகைல வரிசையா போல்ட், அதுல நட்டை ஏத்தி ஏத்தி கழட்டணும். அங்க போனா செய்யவே மாட்டாரு. "முப்பத்தெட்டு வருஷம் செஞ்சதை எனக்கு நர்சரி புள்ள மாதிரி சொல்லித் தர்றாங்க"ன்னு கோபம். இப்ப தானா கேக்கறாரு. குடுத்தேன். மொதல் தடவை நட் விழுந்து உருண்டு வண்டிக்கு அடில போச்சு. எடுத்துக் குடுத்தேன். ரெண்டாவது தடவையும். மூணாவது தடவை புரி பிடிச்சுது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நடுங்கிக்கிட்டே கால் சுத்து, கால் சுத்தா திருப்புது. நான் மணி பார்க்கலை. உள்ள டிவில ரெண்டு பாட்டு முடிஞ்சுது. நைலான்ல முட்டி நின்னதும் கையை எடுத்துட்டு, "ம், இப்ப போடு ஸ்பேனரை"ன்னாரு. நான் குறுக்கு மறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா நாலையும் முடுக்கினேன். அந்த 12-13 ரிங் ஸ்பேனர் அவரோடது. அவரு கையால எடுத்துக் குடுத்தது அதுதான் மொதல் தடவை.

கடைசில அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி விட்டுட்டுப் போன சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துட்டு வரச் சொன்னாரு. ஒவ்வொரு நட்டுலயும் ஆரம்பிச்சு தகடு வரைக்கும் ஒரு கோடு இழுத்தாரு. நட் கழண்டா கோடு உடையும், பார்த்தாலே தெரியும், ஸ்பேனரே தேவையில்லை. ஃபாக்டரில பெயிண்ட்ல செய்வாங்களாம்.

அம்மா வந்து பார்த்தாங்க. "எனக்கு இது எதுக்கு?"ன்னாங்க. நியாயமான கேள்வி. இந்த பேக்ரெஸ்டைக் கண்டுபிடிச்சவன் புடவை கட்டி ஒரு பக்கமா உக்கார்ற ஆளைப் பார்த்ததே கிடையாது. அம்மா உக்காந்தா முதுகு ரோட்டுப் பக்கம், திண்டு இடது முழங்கையை இடிக்குது. ஒரு ரவுண்டு போனதுக்கப்புறம் அந்தக் கம்பியை இடது கையால கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. கைப்பிடியா பரவாயில்லையாம்.

செவ்வாய்க்கிழமை அப்பாவை ஏத்திக்கிட்டு அதே சர்வீஸ் ரோடு. நாப்பதுக்கு மேல போகலை. ரெண்டு பேருக்கும் ஹெல்மெட். வேகத்தடை ஏறி இறங்கி கிளட்சை விட்டேன். முதுகு திண்டுல படற சின்ன அழுத்தம் எனக்கே தெரிஞ்சுது, வண்டி அப்படியே போச்சு. பட்டாபிராம் தாண்டினதும் பின்னாடி ஹெல்மெட் ரெண்டு தடவை என் ஹெல்மெட்ல முட்டுச்சு. என்னன்னு கண்ணாடில பார்த்தா மனுஷன் தூங்கறாரு! எனக்கு பக்குனு ஆயிடுச்சு. ஏன்னா இந்தக் கம்பி பின்னாடி போறதைத்தான் தடுக்கும். பக்கவாட்டுல சாய்ஞ்சா அது ஒண்ணும் பண்ணாது. இது பெல்ட் இல்ல. உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு மாட்டறதா இருந்தா இதை மனசுல வச்சுக்குங்க. இப்பல்லாம் வழி பூரா ஏதாவது பேசிக்கிட்டே போறேன். பதில் வரலைன்னா ஓரமா நிறுத்திடுவேன். எங்க ஆபீஸ் அரசியல் பூரா அப்பாவுக்கு இப்ப அத்துப்படி.

தினமும் காலைல அவரு குனிஞ்சு நாலு சிவப்புக் கோட்டையும் பார்ப்பாரு. முந்தாநாள், சுமாரா நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும், என்னைக் கூப்பிட்டாரு. இடது பக்கம் பின்னாடி நட்டுல கோடு மயிரிழை உடைஞ்சிருக்கு.

"இதை யாரு மாட்டினது?"

"நீங்கதாம்பா."

"கையால ஏத்தினது நானு. ஸ்பேனர் போட்டது யாரு?"

நான் ஒண்ணும் சொல்லலை.

"போ, 12-13ஐ எடுத்துட்டு வா. நெயில் பாலிஷையும்."