சௌரங்கியில் நமக்கொரு வானம்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் கொல்கத்தாவில் நாம் அழைத்துச் சென்று காட்டும் இடங்கள் பெரும்பாலும் ஒரே வரிசைதான்: காளிகாட், தட்சிணேசுவரம், ஹௌரா பாலம், விக்டோரியா நினைவு மண்டபம். அம்மண்டபத்திலிருந்து சற்றுத் தொலைவு நடந்தால், தூய பவுல் பேராலயத்தை அடுத்து, சாஞ்சி ஸ்தூபியின் சாயலில் வெண்ணிறக் குவிமாடம் ஒன்று எழுந்து நிற்பதைக் காணலாம். அதுவே எம். பி. பிர்லா கோளரங்கம். வங்காளிகள் அன்போடு ‘தாராமண்டல்’ என்பார்கள். நம்மில் பலர் அதன் வாசலைப் பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி.

1962 செப்டம்பரில் காட்சிகள் தொடங்கின. 1963 ஜூலை 2-ஆம் தேதி பிரதமர் நேரு அதனை முறைப்படி திறந்து வைத்தார். விண்மீன்களைக் கூரையில் படரவிடும் கருவி ஜெர்மனியின் ஜேனா நகரத்து ஸைஸ் தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஆசியாவின் பெரிய கோளரங்கங்களுள் ஒன்றாக இன்றும் இது எண்ணப்படுகிறது.

உள்ளே விளக்குகள் மெல்ல அணைகின்றன. பெருநகரின் புகையும் ஒளியும் மறைத்துவிட்ட ஆயிரமாயிரம் மீன்கள் தலைக்கு மேல் பூக்கின்றன. அங்கே நம்மைப் போன்ற புலம்பெயர்ந்தோர் மட்டுமே உணரக்கூடிய நயம் ஒன்றுண்டு. ஊர் மாறினால் வானமும் மாறும் என்பதே அது. திருநெல்வேலியில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 9 பாகை உயரத்தில்தான் நிற்கும். பனந்தோப்பு ஒன்று போதும் அதை மறைக்க. கொல்கத்தாவிலோ அது 22 பாகைக்கு மேல் நிற்கிறது. தெற்கே நம் அகத்திய நட்சத்திரத்தின் கதை இதற்கு நேர்மாறு. நெல்லையில் 28 பாகை வரை எழும் அகத்தியர், இங்கே 15 பாகையைக்கூட எட்டுவதில்லை. நாம் வடக்கே வந்ததற்கு அவர் அத்தனை தூரம் தாழ்ந்துவிட்டார்! கோளரங்கக் கருவியைத் திருப்பி அமைத்தாலோ, சௌரங்கியில் அமர்ந்தபடியே பொருநைக் கரையின் வானத்தைக் காணலாம். தாத்தாவும் பாட்டியும் முற்றத்தில் படுத்துக்கொண்டு பார்த்த வானம் எது என்பதை, மாடிக் குடியிருப்பில் வளரும் நம் குழந்தைகளுக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டுவது எங்ஙனம்?

இத்தகைய இடம் என்றும் இருக்கும் என்று எண்ணியிருத்தல் தகாது. 1958-இல் திறக்கப்பட்ட லண்டன் கோளரங்கம் 2006-இல் வானியற் காட்சிகளை நிறுத்தியது. கனடாவில் டொரான்டோ நகரின் மக்லாக்லின் கோளரங்கம் 1968-இல் தொடங்கி, அரசு மானியம் குறைந்தபோது 1995-இல் மூடப்பட்டது. நம் தாராமண்டலே புதுப்பிக்கும் பணிக்காக 2015-இல் கதவடைத்தது. 2017 ஜூலையில்தான் மீண்டும் திறந்தது. நல்ல காரணத்திற்காக மூடியதே இரண்டாண்டுக்கு மேல் நீண்டதென்றால், பொருள் முடையால் மூடும் அரங்கம் திரும்பத் திறப்பது எளிதா?

இந்நகரத்து டிராம் நமக்கு அருகிலுள்ள பாடம். 1873-இல் குதிரைகள் இழுக்கத் தொடங்கி, 1902 முதல் மின்சாரத்தில் ஓடிய வண்டி அது. எஸ்பிளனேடு–மைதானம் தடம் நீங்கலாக ஏனையவற்றை நிறுத்தப் போவதாக 2024-இல் மாநில அரசு அறிவித்தபோது நகரமே கலங்கிற்று. கலங்கியவர்களுள் எத்தனை பேர் அவ்வாண்டில் ஒருமுறையேனும் டிராமில் ஏறியிருப்பார்கள்? ரயில்வேயில் எழுத்தர்களாகப் பணி செய்யும் எங்களுக்கு இது புதிதன்று. சிற்றூர் நிலையத்தில் வண்டி நிற்பதா, நில்லாமற் செல்வதா என்ற கேள்வி எழும்போது முதலில் புரட்டப்படுவது டிக்கெட் விற்பனைக் கணக்கே. மகஜர் பின்னால்தான் வரும்.

தாராமண்டலை மூடப் போவதாக இன்று எவரும் சொல்லவில்லை. ஆகவே இதுவே தக்க தருணம். அங்கே வங்காளம், இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அன்றாடம் காட்சிகள் நடைபெறுகின்றன. தமிழிலும் எப்போதாவது நடத்துவதுண்டு. அந்த ‘எப்போதாவது’ என்பதை ‘ஆண்டுதோறும்’ என்று ஆக்குவது நம் கையில் இருக்கிறது. யாத்திரைக்குத் தனிப் பெட்டி வேண்டுவோர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு முன்கூட்டியே எழுதிக் கேட்பதில்லையா? அதுபோல, இத்தனை குடும்பங்கள் உறுதியாக வருகிறோம் என்று கணக்குக் காட்டி நம் சங்கத்தின் பெயரால் தமிழ்க் காட்சி கேட்போம். கேட்டுவிட்டு வராமலிருந்தால் அடுத்த முறை கேட்கும் உரிமையை இழப்போம். தமிழில் வானம் பார்க்கும் வாய்ப்பை நம் பிள்ளைகளும் இழப்பார்கள்.

லேக் மார்க்கெட் பக்கத்து அன்பர்கள் மெட்ரோவில் ரவீந்திர சதனில் இறங்கி நடந்தே செல்லலாம். தொலைவில் உள்ளோர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கலாம். அண்டை வீட்டு வங்காளக் குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நமக்கு வாழ்வளித்த நகரத்தின் செல்வம் அது. வர இசைவோர் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைக் குறித்து இம்மாத இறுதிக்குள் சங்கச் செயலாளரிடம் தெரிவிக்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.