இரண்டு நேரம் பார்த்த ஊர்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில் விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம் கழிய வருவது புதுக்குடியிருப்பு. 1978இல் உருவான முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகம், ஒரு பிரதேச சபை. நிர்வாக வரலாறு இவ்வளவுதான்.

ஆண்டவர்களின் கதைதான் நீளம். ஒல்லாந்தர் வன்னியர்களிடம் யானையைத் திறையாகக் கேட்டார்கள். 1803 ஓகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தான். ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிரிபேர்க்கிடம் தோற்றான். பெயரைப் பார்த்தால் ஜெர்மன்காரன், சண்டை பிடித்தது ஆங்கிலேயனுக்கு! வென்றவன் பெயரில்தான் அங்கே நடுகல்லும் நின்றது.

எங்கள் தலைமுறைக்கு அகப்பட்டது வேறு விதமான எல்லை. 1996இல் அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. வன்னியை வைத்திருந்த விடுதலைப் புலிகள் இயக்கம் அதை ஏற்கவில்லை. அந்த ஒக்டோபரிலிருந்து வவுனியாவுக்கும் எங்களுக்கும் அரை மணி வித்தியாசம். யார் என்ன நேரம் சொன்னாலும் “பழைய நேரமோ, புது நேரமோ?” என்று திருப்பிக் கேட்போம். வாத்தியாருக்குச் சம்பளம் கொழும்பிலிருந்து வரும்; அவருடைய காணி வழக்கு தமிழீழ நீதிமன்றில் நடக்கும். வன்னியை விட்டு வெளிக்கிட இயக்கத்தின் பாஸ், அங்கால் போனால் ஆமியின் விசாரணை. இரண்டு இடத்திலும் சந்தேகம் ஒன்றுதான். 2006 ஏப்ரலில் அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பியது. நேரம் ஒன்றாகி நாலு மாதத்தில் ஏ-9 பாதை பூட்டுப்பட்டது.

ஐரோப்பாவில் அல்சாஸ் என்றொரு எல்லைப்புறம். 1871இல் ஜெர்மனி, 1918இல் பிரான்ஸ், 1940இல் ஜெர்மனி, 1945க்குள் திரும்பவும் பிரான்ஸ். வீட்டை விட்டு அசையாத கிழவிகூட நாலு தரம் நாடு மாறியிருப்பாள். எங்கள் கிழவிகளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. ஆட்சி மாறமாற அவர்களும் மூட்டை கட்டினார்கள்.

இந்த மண்ணின் ஆள் யார் என்று கேட்டால் எனக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல்தான் நினைவில் வரும். பாக்குத்தெண்டலோடு ஊர் அசையத் தொடங்கும். அடுத்து தீர்த்தமெடுப்பு. சிலாவத்தைக் கடற்கரையில் அள்ளிய உப்புநீர் முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலுக்குப் போகும். அங்கே அந்தக் கடல்நீரில் விளக்கு எரியும். எண்ணெய் இல்லை, வெறும் கடல்நீர் என்பார்கள். நம்பாதவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். வைகாசித் திங்களில் வற்றாப்பளையில் பொங்கல். நந்திக்கடல் வெளியெல்லாம் சனம். 1977 கலவரத்துக்குப் பிறகு குடியேறிய மலையகச் சனமும், 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து நின்றுவிட்ட சனமும், பரம்பரை வன்னியாரும் ஒரே மணலில் பானை வைப்பார்கள். இரணைப்பாலைக் கத்தோலிக்கர் சிலரும் வருவதுண்டு. யாழ்ப்பாணத்தில் நாவலர் வழிவந்த சைவம் கண்ணகியைச் சமணப் பெண் என்று ஒதுக்க, பல கோயில்களில் அவள் வேறு அம்மனாகிவிட்டாள். வன்னியில் கண்ணகி கண்ணகியாகவே இருக்கிறாள். சிங்களவருக்கும் அவள் பத்தினித் தெய்யோ. சண்டை பிடித்த இரண்டு பகுதிக்கும் பொதுவான ஆள் அவள்.

பொங்கலுக்குப் போகிற வழியில் பாலைப்பழம் வாங்கித் தின்னாத பிள்ளை இல்லை. மஞ்சள் மணிமணியாய், தேனாய் இனிக்கும். நாலைந்து தின்றதும் பால் பிசுபிசுத்து மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாலைகள் நின்ற காடுகளில் எவ்வளவோ எரிந்தும் தறிபட்டும் போயிற்று.

2009 பெப்ரவரித் தொடக்கத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் ஷெல் விழுந்தது. நோயாளிகளைப் புதுமாத்தளனுக்குக் கொண்டு போனார்கள். ஏப்ரலில் ஆனந்தபுரச் சண்டையும் முடிந்தது. பிறகு மெனிக்பாம் முகாம். கண்ணிவெடி அகற்ற வேண்டும் என்று 2012 வரை ஊரின் பெரும்பகுதிக்கு வர விடவில்லை.

சனம் முழுதாய்த் திரும்புமுன்னமே ஆமியின் வெற்றிச்சின்னம் எழும்பிவிட்டது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாய் வந்து இயக்கத் தலைவரின் பங்கரைப் பார்த்தார்கள். 2013இல் பார்த்தது போதுமென்று ஆமி அந்தப் பங்கரையும் வெடிவைத்துத் தகர்த்தது. தங்கள் காணியை விடச்சொல்லி 2017இல் எங்கள் சனம் ரோட்டில் குந்தியிருந்தது. பக்கத்துக் கேப்பாப்புலவில் இன்னும் முழுக்காணியும் கிடைக்கவில்லை. குருந்தூர்மலையில் தொல்லியல் என்று விகாரை எழும்பியது. அதைப் பற்றிய வழக்கைக் கேட்ட நீதவான், உயிருக்கு அச்சுறுத்தல் என்று 2023இல் பதவியை விட்டு நாட்டை விட்டே போனார். சனத்துக்கு வருகிற அரச கடிதங்கள் சில இன்னும் சிங்களத்தில்தான். வாசிக்க ஆள் தேடவேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் வந்து போகும் எங்கள் பிரதிநிதிகள் இந்தக் கடித விஷயத்தையாவது பார்க்கலாம். அதற்கு ஜெனீவாவுக்குப் போகத் தேவையில்லை, பிரதேச செயலகம் மட்டும் போனால் போதும்.