ஞாயிறு வகுப்புக்குப் போகும் சகோதரி



நம் சபையின் சகோதரி ஒருவர் தமது 42ஆம் வயதில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறார். அவருடைய சம்மதத்தோடே இதை எழுதுகிறேன்.

1985இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகம், படிப்பை இடையில் விட்டவர்களுக்கும் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. வயது அங்கே தடையன்று. மூன்றாண்டுப் பட்டப்படிப்பை ஆறாண்டுகளுக்குள் முடிக்கலாம். வேலைக்குப் போகிறவர்களும் வரும்படி, வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் நடைபெறுகின்றன.

ஆகவே சில ஞாயிறுகளில் ஆராதனையில் அவருடைய இடம் வெறுமையாயிருக்கிறது. "பக்தி தணிந்துவிட்டதோ?" என்று சிலர் என்னிடம் வினவினார்கள். அந்தப் பேச்சு அவர் காதிலும் விழுந்தது. "ஐயா, படிப்பை நிறுத்திவிடட்டுமா?" என்று கலங்கிக் கேட்டார்.

"வேண்டாம் அம்மா" என்றேன். ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடுவதை நம் ஆண்டவர் குற்றமாக எண்ணவில்லை. வறுமையால் பள்ளியோடு நின்றுபோன ஒரு மகள் எழுந்திருப்பதை அவர் வெறுப்பாரோ?

பல ஆண்டுகளுக்குப் பின் புத்தகத்தைத் திறக்கிறவர்களுக்குப் பாடத்தைவிடப் பாரமானது தனிமையும் வெட்கமும். அந்தப் பாரத்தை நாம் கூட்டலாகாது, பகிர்ந்துகொள்ளவேண்டும். வகுப்பு நாள்களில் அவருடைய மாமியாருக்கு மதிய உணவு கொடுக்க ஒரு குடும்பம் முன்வரட்டும். சனிக்கிழமை மாலையில் அவரோடு ஜெபிக்க இருவர் செல்லட்டும். ஜூன், டிசம்பர் தேர்வுக் காலங்களில் ஞாயிறு பள்ளி அறையை மாலைதோறும் படிப்பதற்காகத் திறந்து வைப்போம். சாவி என்னிடம் இருக்கிறது. படிக்க விரும்பும் எவரும் வரலாம்.