வெந்நீர் ஒத்தடம்

செஞ்சிக்குப் போனால் சித்தப்பா என்னைக் கோட்டைக்கு அழைத்துக்கொண்டு போகாமல் விடமாட்டார். ராஜகிரியின் உச்சிக்கு ஏறும் உத்தேசம் எனக்கு என்றுமே இருந்ததில்லை. கல்யாண மகாலோடு நின்றுவிடுவேன். "மண் குழாய் வைத்தே மாடிக்குத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறான், பாருடா" என்பது அங்கே அவருடைய பல்லவி.

அப்படிப் போய்வந்த ஒரு நாள், மாலை ஆறு மணி இருக்கும். திண்ணையில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தவர், "ஐயோ, கால்!" என்று அலறினார். வலது கால். படி ஏறியதால் வந்த பிடிப்பு என்று தீர்மானித்தோம். தீர்மானித்தது நான்தான். சித்தி தைலம் தேய்த்தாள். நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன்.

"சூடு பொறுக்கிறதா, சித்தப்பா?"

"சூடா? ஒன்றும் தெரியவில்லையே!"

அந்தப் பதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் சுடுநீர் கேட்டேன்.

எட்டு மணிக்கு எதிர்வீட்டு நர்ஸ் பெண் வந்தாள். இரண்டு பாதங்களிலும் மாறி மாறி விரல் வைத்துப் பார்த்தாள். "வலது காலில் நாடி இல்லை, அண்ணா. வெளுத்துச் சில்லிட்டிருக்கிறது. முதலில் ஒத்தடத்தை எடுங்கள், காரைக் கூப்பிடுங்கள்."

திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். வழியெல்லாம் கால் விரலை அசைக்கப் பார்த்துக்கொண்டே வந்தார். திண்டிவனம் தாண்டியதும் அதையும் விட்டுவிட்டார்.

டாக்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். இதயம் தாளம் தப்பித் துடித்ததில் உள்ளே இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி கீழே வந்து தொடைத் தமனியை அடைத்துவிட்டது. தசை சுமார் ஆறு மணி நேரம்தான் தாங்கும்; பிறகு காலை எடுக்க வேண்டி வரலாம். மணி அப்போது பத்து.

இரத்தம் மேலும் உறையாதிருக்க ஹெப்பாரின் கொடுத்து, மரத்துப் போகும் ஊசி போட்டு, தொடை இடுக்கில் சிறிதாகத் திறந்தார்கள். மெல்லிய குழாயைக் கட்டிக்கு அப்பால் செலுத்தி, நுனியிலுள்ள பலூனை ஊதி, பின்னுக்கு இழுத்தால் கட்டி கூடவே வந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்தவர் தாமஸ் ஃபோகார்ட்டி என்ற அமெரிக்கர். மருத்துவ மாணவராக இருந்தபோதே, ரப்பர் கையுறையின் விரலை வெட்டிக் குழாயில் கட்டிப் பார்த்தாராம். தூண்டில் கட்டிப் பழகிய கை, முடிச்சு நழுவவில்லை. 1961-ல் முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. 1911-லேயே பாரிஸில் லாபே என்பவர் இப்படி அடைத்த கட்டியை எடுத்து வெற்றி கண்டிருந்தாலும், பலூன் வருமுன் நீளமாக அறுக்க வேண்டியிருந்தது. காலோ உயிரோ போனவர்கள் பலர்.

நள்ளிரவுக்குப் பின் பாதத்தைத் தொட்டுப் பார்க்க விட்டார்கள். வெதுவெதுப்பாக இருந்தது. சித்தி அந்தக் காலை விடவேயில்லை.

இப்போது மாத்திரை, மாதாமாதம் இரத்தப் பரிசோதனை. அறுத்த இடம் சீக்கிரம் ஆறியது. என் ஒத்தடம் எழுப்பிய கொப்புளம்தான் ஆறுவதற்கு மாதங்கள் பிடித்தது. விருந்தாளி யார் வந்தாலும் சித்தப்பா வேட்டியை ஒதுக்கி இரண்டு தழும்பையும் காட்டுகிறார்: "இது டாக்டர் போட்டது, இது நம்ம பிள்ளையாண்டான் போட்டது."