பீசாவிலும் லூக்காவிலும் ஒரு நாள்

இத்தாலி நாட்டிற்குச் சென்று திரும்பிய எங்களை, சங்கத்தில் காணும் அன்பர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "எந்த ஊர் நன்றாக இருந்தது?" ஆறு நாட்கள் காரிலேயே சுற்றினோம். மிலானில் புறப்பட்டு, ஜெனோவா வழியாகக் கடலோரமாகவே இறங்கி, பீசா, லூக்கா, பிளாரன்ஸ், பொலோனா ஆகிய ஊர்களைக் கண்டு மீண்டும் மிலான் வந்து சேர்ந்தோம். அத்தனையையும் எழுதப் புகுந்தால் பத்திரிகையும் இடம் கொடாது. படிப்போர் பொறுமையும் இடம் கொடாது. ஆகவே மூன்றாம் நாளை மட்டும் எழுதுகிறோம். அன்றுதான் எங்கள் தந்தையார் வாய் திறந்து பேசினார்.

கரக்பூரில் குடியிருக்கும் பழைய அன்பர்கள் அவரை அறிவார்கள். இருப்புப்பாதையில் கேங்மேனாகச் சேர்ந்து, மேட்டாக உயர்ந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு எங்கள் அன்னையார் காலமான பிறகு, "சரி", "வேண்டாம்" என்னும் இரண்டு சொற்களைக் கொண்டே அவர் நாட்களைத் தள்ளி வந்தார். மிலானில் கணிப்பொறி வேலையில் இருக்கும் தம்பி, செலவில் பாதியைத் தானே ஏற்பதாகக் கூறி எங்களை அழைத்ததும் அவரை உத்தேசித்தே. போய் இறங்கிய அன்றே அவர் கைச்செலவுக்கென்று ஐம்பது யூரோ நோட்டு ஒன்றைக் கொடுத்தான். அதை நான்காக மடித்துப் பையில் வைத்தவர் வெளியே எடுக்கவேயில்லை.

ஜெனோவா விடுதியில் பாஸ்போர்ட்டுகளைக் கேட்டபோது, தந்தையார் இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஓய்வு பெற்ற புதிதில் தமக்கும் அன்னையாருக்கும் சேர்த்து எடுத்தவை அவை. அன்னையாருடையதில் ஒரு முத்திரையும் விழவில்லை. தம்பி ஒன்றும் சொல்லாமல் அதை மெல்ல எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அன்று இரவு யாரும் அதிகம் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை ஸ்பெசியா துறைமுகத்திலிருந்து புறப்பட்டோம். ஏழு பேர் அமரக்கூடிய வாடகைக் கார். தந்தையார், நாங்கள் இருவர், பத்து வயதுப் பெண், ஆறு வயதுப் பையன், ஓட்டுவது தம்பி. அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்வதால், எதிரே லாரி வரும்போதெல்லாம் எங்கள் வீட்டு அம்மாள் காலால் பிரேக் போட்டுக்கொண்டே வந்தாள். நெடுஞ்சாலையில் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது தூரத்திற்கு ஏற்பச் சுங்கம் செலுத்த வேண்டும்.

இடப்புறத்து மலைகளின் உச்சி வெண்மையாக இருந்தது. "பனி! பனி!" என்று பையன் கூவினான். பனியன்று, பளிங்கு. கராரா என்னும் ஊரின் மலை அது. உரோமர் காலம் முதல் வெட்டியும் இன்னும் தீரவில்லை. மைக்கேலாஞ்சலோ தம் சிலைகளுக்குக் கல் தேடி வந்ததும் இம்மலைக்கே. சரிவுகளில் சலவைக்கல் தூள் பாலைப்போல் வழிந்திருந்தது. தந்தையார் கண்ணாடி வழியே அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜல்லி" என்றார். அது மூன்றாவது சொல்.

பீசாவில் நம் விருப்பம்போல் காரை ஊருக்குள் விட இயலாது. இத்தாலிய நகரங்கள் பலவற்றில் பழைய பகுதிக்குள் வெளியார் வண்டி நுழைவதற்குத் தடை உண்டு. தெரியாமல் நுழைந்தால் காமிரா எண்ணைக் குறித்துக்கொள்ளும். அபராதச் சீட்டு பல மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். ஆகவே வெளியிலேயே காரை நிறுத்திவிட்டு நடந்தோம்.

மதில் வாயிலைக் கடந்ததும் பச்சைப் புல்வெளி. அதன்மேல் பெருங்கோயில், ஞானஸ்நான மண்டபம், கோபுரம் மூன்றும் வெள்ளை வெளேரென்று நின்றன. படங்களில் பார்த்துப் பழகிய கோபுரந்தான். ஆனாலும் நேரில் பார்க்கையில் வயிறு சற்றே கலங்குகிறது. புல்வெளி ஓரமெங்கும் மக்கள் கைகளை நீட்டிக்கொண்டு, கோபுரத்தைத் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கவாட்டில் நின்று காண்போருக்கு, ஒரு கூட்டமே காற்றைத் தள்ளுவதுபோல் இருந்தது. எங்கள் பிள்ளைகளும் தள்ளினார்கள்.

தந்தையார் தள்ளவில்லை. கோபுரத்தின் அடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, "ஏண்டா, இது தெற்கே அல்லவா இறங்கியிருக்கிறது? விழாமல் எப்படி நிறுத்தினார்கள்?" என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தம்பி உடனே கைப்பேசியை எடுத்துப் படித்துச் சொல்லலானான். 1173-இல் தொடங்கிய மணிக்கோபுரம் இது. அடியில் இருப்பது ஆற்று வண்டலும் களிமண்ணும்; கடைக்கால் ஆழமோ மூன்று மீட்டர்தான். மூன்றாம் அடுக்கு எழும்போதே சாயத் தொடங்கிவிட்டது. போர்களால் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வேலை நின்று, 1272-இல் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் மண் இறுகியிராவிட்டால் கோபுரம் அன்றே விழுந்திருக்கும் என்கிறார்கள்.

"பின்னே? புதுப் பாதை போட்டால் உடனே முழு வேகம் விடுவோமா? மண் அமரவேண்டும்" என்றார் தந்தையார்.

கோபுரத்தின் எடை சுமார் 14,500 டன். சரக்குக் கணக்கு எழுதும் எங்களுக்கு அந்த எண்ணைக் கேட்டதும், நிலக்கரி ஏற்றிய நான்கு முழு இரயில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிறு வட்டத்தில் நிற்பதாகத் தோன்றிற்று. பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு வேறு விதமாக எண்ணவிடாது. 1934-இல் கடைக்காலில் துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பை ஊற்றிப் பார்த்தார்கள்; கோபுரம் மேலும் சாய்ந்தது. 1989-இல் பாவியா நகரின் பழங்கோபுரம் ஒன்று இடிந்து நால்வர் மாண்டனர். அதன் பிறகு 1990 சனவரியில் பீசா கோபுரத்தை மூடிவிட்டார்கள். முதலில் வடபுறத்தில் நூற்றுக்கணக்கான டன் ஈயக் கட்டிகளை ஏற்றினார்கள். முடிவில் கைகொடுத்த உபாயம் வேறு: வடபுறத்து அடிமண்ணைச் சாய்வான குழாய்களால் சிறிது சிறிதாக எடுத்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 38 கன மீட்டர். நம்மூர் டிப்பர் லாரிக்கு நாலைந்து நடை. கோபுரம் தானாகவே அரைப் பாகை அளவு வடக்கே திரும்பியது. 2001 திசம்பரில் மீண்டும் திறந்தார்கள். இலண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் பர்லாண்டு இப்பணியில் முன்நின்றவர்.

தந்தையார் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "நாங்கள் தாழ்ந்த தண்டவாளத்தைத் தூக்கி அடியில் ஜல்லி திணிப்போம். இவர்கள் உயர்ந்த பக்கத்து மண்ணை எடுத்துத் தாழ்த்தினார்களா! தாழ்ந்த பக்கத்தைத் தொட்டிருந்தால் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிறிது நேரம் நின்றார். பிறகு, "நான் ஏறிப் பார்க்கிறேன்" என்றார்.

இங்கேதான் சிக்கல். ஆளுக்கு இருபது யூரோ வீதம், நேரம் குறித்து, மூன்று சீட்டுகளே வாங்கியிருந்தோம்: தம்பி, எங்கள் வீட்டு அம்மாள், பெண். எட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை ஏற விடமாட்டார்கள். தந்தையாருக்கோ எழுபது கடந்த வயது, இரண்டு முழங்காலிலும் வலி. 250-க்கு மேற்பட்ட படிகள், தேய்ந்து வழுக்கும் பளிங்குப் படிகள். இதய நோயும் மூட்டு நோயும் உள்ளவர்கள் ஏறவேண்டாம் என்று பலகையே இருந்தது. "வேண்டாம் அப்பா, கீழேயிருந்தே பாருங்கள்" என்று ஒரு பக்கம் சொன்னோம். ஓராண்டுக்குப் பின் அவர் கேட்ட முதல் பொருள் இது. மறுப்பதா என்று மறுபக்கம் மனம் அடித்துக்கொண்டது. எங்கள் வீட்டு அம்மாள்தான் முடிவு செய்தாள். "மாமா, ஒவ்வோர் அடுக்கிலும் நிற்கவேண்டும். நான் போதும் என்றால் இறங்கிவிடவேண்டும். சம்மதமா?" தந்தையார் தலையசைத்தார். தம்பி தன் சீட்டைக் கொடுத்தான்.

கீழே நின்ற எங்கள் மூவருக்கும் அந்த முக்கால் மணி நேரம் நீளமாகவே இருந்தது. பையன் மட்டும், "தாத்தா ஏறினால் கோபுரம் இன்னும் சாயுமா?" என்று கேட்டபடி இருந்தான். கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள், அவர்களைக் காணவில்லை. எல்லாருக்கும் பின்னால், பேத்தியின் தோளைப் பிடித்தபடி தந்தையார் வந்தார். சட்டை நனைந்திருந்தது. முகத்தில் களைப்பு இருந்ததேயன்றி வாட்டம் இல்லை.

"உச்சிக்குப் போனீர்களா?"

"மணி வரைக்கும் போனேன். உள்ளே படி சுற்றிச் சுற்றிப் போகிறதா, ஒரு பாதிச் சுற்றில் உன்னை வெளிச்சுவரில் சாய்க்கிறது, அடுத்த பாதியில் உள்சுவரில் சாய்க்கிறது. வளைவிலே ஒரு தண்டவாளத்தை உயர்த்திவைப்போமே, அதே உணர்ச்சி. கண்ணை மூடிக்கொண்டாலும் தெற்கு எது என்று காலுக்குத் தெரிகிறது."

ஞானஸ்நான மண்டபத்தினுள் பணியாளர் ஒருவர் சில சுரங்களைப் பாடிக் காட்ட, எதிரொலியே துணைப் பாடகர் கூட்டமாகி நின்றதை நீட்டி எழுதலாம். தந்தையார் பேச்சுக்கு முன் அது எங்களுக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. பகலுணவுக்குச் "செச்சீனா" என்ற பண்டம் கிடைத்தது. கடலைமாவைக் கரைத்துப் பெரிய தட்டில் ஊற்றி அடுப்பினுள் சுட்ட அடை, மேலே மிளகுத்தூள். நம் நாக்குக்கு ஒரு பச்சை மிளகாய் குறைவு, மற்றபடி குறையில்லை. தந்தையார் இரண்டு துண்டுகள் உண்டார்.

பிற்பகல் லூக்காவுக்குப் போனோம். பீசாவிலிருந்து இருபது கிலோமீட்டர் இருக்கும். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் கட்டிய மதில் அவ்வூரைச் சுற்றி முழுமையாக நிற்கிறது. சுற்றளவு நான்கு கிலோமீட்டருக்கு மேல். பகைவரைத் தடுக்கக் கட்டிய மதில் 1812-இல் செர்க்கியோ ஆற்று வெள்ளத்தைத் தடுத்ததாம். இன்று அதன்மேல் மரங்கள் அடர்ந்த அகலச் சாலை. ஊரார் மாலையில் உலாவுகிறார்கள். மிதித்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒன்றை எடுத்தோம்.

முன்னிருக்கையில் தந்தையார், பேரன் பேத்தியோடு; மிதிப்பது நாங்கள். வளைவு வரும்போதெல்லாம் அவர் கையை உயர்த்தி, "மெதுவா! பிரேக்!" என்று உத்தரவிட்டார். "தள்ளு ட்ராலி இதே உயரந்தான்" என்றார். பிறகு, முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "உங்கள் அம்மாவை ஒரு தடவை ட்ராலியில் ஏற்றிக்கொண்டு போனேன், தெரியுமா? நல்ல மழை. எங்கள் குடிசையிலிருந்து சாலைக்குப் போக வழியில்லை, முழங்கால் சேறு. வலி எடுத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் ஐயா ட்ராலியை விட்டு இறங்கிக் குடையை அவள் கையில் கொடுத்து, ஏற்று என்றார். நாலு பேர் தள்ளிக்கொண்டு ஓடினோம். அவள் வலியையும் மறந்து, விழுந்துவிடுவேன், மெதுவா, மெதுவா என்று திட்டிக்கொண்டே வந்தாள்."

"எங்களுள் யார் பிறந்தபோது அப்பா?" என்றான் தம்பி.

"நீ இல்லை, உன் அண்ணன்."

முப்பத்தாறு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத செய்தி அது. மிதிப்பதை நிறுத்திவிட்டோம், வண்டி தானே சிறிது தூரம் உருண்டது. "ஏன் நின்றுவிட்டது? தள்ளு" என்றார் தந்தையார்.

வாடகைக் கடைக்குத் திரும்பியபோது ஒரு மணி நேரம் முடிந்திருந்தது. பையன் இறங்க மறுத்தான். நாங்கள் அவனை இறக்க முயலும்போதே தந்தையார் சட்டைப் பையில் கையை விட்டு, நான்காக மடித்த ஐம்பது யூரோ நோட்டை எடுத்துப் பிரித்துக் கடைக்காரரிடம் நீட்டினார்.